இடம் மாறிவிட்டார்

எங்கள் இலாகாவில் ஒருவருக்கு இடுக்கிக்கு மாற்றல் வந்தால், மற்றவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் வந்தார்கள். "மூணு வருசந்தானுங்க, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும்" என்று சொன்னவர், ஏதேதோ மருத்துவச் சான்றிதழ்களைக் காட்டிப் பத்து வருடமாகப் பாலக்காட்டை விட்டு அசையாதவர். அந்த ஆறுதலைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சிரித்து வைத்தேன்.

நான் பஞ்சாயத்தில் வி.இ.ஓ., அதாவது கிராம விரிவாக்க அலுவலர். வீடில்லாதவருக்கு வீடு, கழிப்பறை இல்லாதவருக்குக் கழிப்பறை, ஆடு கேட்டவருக்கு ஆடு என்று அரசாங்கம் தருவதாகச் சொல்வதையெல்லாம் யாருக்குத் தரலாம், யாருக்குத் தரக்கூடாது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிற உத்தியோகம். சொந்த ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, பொள்ளாச்சிக்குப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து இடுக்கிக்குப் போகிற வழியே ஒரு கூத்து. ஒரே மாநிலத்தின் ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போக, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பக்கத்து மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு குமுளி மலை ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு உண்டதும் கிளம்பினால், திங்கட்கிழமை ஆபீசில் உட்காரும்போதும் முதுகு பஸ்ஸிலேயே இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த பஞ்சாயத்து குமுளிக்கும் வண்டிப்பெரியாருக்கும் நடுவே ஒரு சரிவில் இருந்தது. செக்ரட்டரி கோட்டயத்துக்காரர். எழுத்தர்களில் ஒருவர் கொல்லம், ஒருவர் திருச்சூர். எல்லோரும் வெளியூர், எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆபீசில் ஒருவர் நின்றால் அவர் மனு கொடுக்க வந்தவராகத்தான் இருப்பார். ஒருவர் மாற்றல் வாங்கிப் போனால் அந்த நாற்காலிக்கு ஆள் வர மாதக்கணக்காகும். அந்த நாற்காலியின் வேலையும் என் தலையில்தான் விழும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலதிகாரிகள் கூட்டம் போடுவார்கள். எந்த ஜில்லாவில் ஆள் கூடுகிறது, எந்த ஜில்லாவில் குறைகிறது என்று திரையில் கலர் கலராக ஓடும். மலை குறைகிற பக்கம். எங்கள் பாலக்காட்டுக் கிழக்கு ஓரம் கூடுகிற பக்கம். ஒரே மாநிலம், ஒரே அரசாங்கம், இங்கே ஏன் ஜனம் நிற்கவில்லை, அங்கே மட்டும் ஏன் போய்ச் சேருகிறது என்று அதிகாரி கேட்பார். அதற்குப் பதில் எழுத எங்களுக்கு நான்கு கட்டம் கொடுத்திருந்தார்கள். வேலை, கல்யாணம், படிப்பு, மற்றவை. முதல் மூன்றையும் நிரப்புவதற்குள் பேனா களைத்துவிடாது. எல்லாம் நாலாவதில்தான் போய் விழும். தோட்டத்தை மூடியது மற்றவை. மழையில் கூரை இறங்கியது மற்றவை. சூரியநெல்லிப் பக்கம் யானைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதும் மற்றவைதான். கூட்டத்தில் வடையும் சாயாவும் தருவார்கள். நான் இரண்டு வடை தின்றுவிட்டு வருவேன்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை என் மனைவி போனில் சொல்லுவாள். "ஏனுங்க, நம்ம பக்கத்துத் தோப்புல லைன் ஊடு கட்டி உட்டாங்களே, பூராமும் மலைக்காரங்கதானுங்க. மூணாறு, பீர்மேடுன்னு சொல்றாங்க. தேங்கா நாருமில்லுக்குப் போறாங்க. தமிழ் பேசறாங்க, ஆனா நம்ம தமிழ் இல்லீங்க." எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. நான் இங்கே போனவர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் அங்கே என் வீட்டுப் பக்கத்தில் வந்து சட்டி கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த தோட்டத்து அம்மாவை முதலில் பார்த்தது என் மேஜைக்கு முன்னால்தான். ஆபீசில் தமிழ் தாராளமாகப் பேசுகிறவன் நான் ஒருவன் என்பதால், தோட்டத்து ஜனம் வேறு மேஜைப் பக்கம் திரும்புவதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அறுபதை நெருங்கிய அந்த அம்மா, ஜவுளிக்கடைப் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேஜையில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நமக்கு மண்ணும் இல்ல, வீடும் இல்ல சார். பட்டியல்ல பேரு சேக்கணும்."

மண்ணும் வீடும் இல்லாதவர்களுக்கு என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பேர் நின்றுவிட்டால் மூன்று சென்ட் நிலமும் ஒரு வீடும் உண்டு. இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது உண்டு. அதே மலையில் இன்னொரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் அவர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். வருகிற மார்கழியில் ரிட்டயர்மென்ட். லயம் என்பது கம்பெனி கட்டிவிட்ட வரிசை வீடு. தோட்டத்தில் பேர் இருக்கிறவரை அறை உண்டு, பேரை வெட்டினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் எங்கே போவது என்பதைக் கம்பெனி கேட்பதில்லை.

"நீங்க எந்த ஊரு சார்?" என்று கேட்டார்.

"பாலக்காடுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம்."

"ஏ, எம்மவ அங்கனதான் சார் இருக்கா! மருமவன் நாருமில்லுக்குப் போறாரு."

ஒரே ஒரு மகள். அவளும் கல்யாணம் செய்து இந்த மலையில்தான் இருந்தாள். தோட்டத்தில் வேலை மட்டுப்பட்டதும் புருஷனும் பெண்டாட்டியுமாக இறங்கிப் போய்விட்டார்கள். அப்படியானால் மகள் வீட்டிலேயே போய் இருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இருக்கலாம் சார். மருமவன் ஒண்ணும் கொறை சொல்ற ஆளு இல்ல. ஆனா அது அவுக வாடகைக்கு இருக்க வீடு, ஒத்த ரூம்பு. எனக்குப் பெறந்ததுல இருந்து கம்பெனிக் கதவுதான். ஒத்தையில கெடந்தாலும் எங் கதவ நானே தொறந்து நானே சாத்தணும். அம்புட்டுத்தான்."

நான் மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டார். அவர் பேர் பட்டியலில் ஏறியது. நல்ல இடத்திலேயே ஏறியது. இனி நேரில் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறார், வீடில்லை என்று எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதையும் நான்தான் செய்ய வேண்டும்.

ஆடி மாதம் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் மறுபடி வந்தார். குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"மவளுக்குப் பேறுகாலம் சார். பார்க்க வேற நாதி இல்ல. நீங்க வீட்டப் பாக்க வாறதா இருந்தா நான் போகல. அவ எப்படியாச்சும் சமாளிச்சுக்கிடுவா. எப்பம் வருவீக?"

"அது ஓணம் கழிச்சுத்தானுங்கம்மா. நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க. புள்ளையப் பாருங்க."

"நெசமாத்தான சொல்லுதீக?"

"போயிட்டு வாங்க, நான் இருக்கறனுங்கல்ல" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். நான் இருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த அம்மா அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததுபோல் வாங்கிக்கொண்டு போனார்.

ஓணம் கழித்து என்பது, ஓணத்துக்கு முன்பே என்று மாறிவிட்டது. ஒருநாள் திடீரென்று ஜீப் கிடைத்தது. ஜீப் கிடைத்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மறுநாள் அது தேர்தல் வேலைக்கோ மந்திரி வருகைக்கோ போய்விடும். கையில் ஒரு வார்டுப் பட்டியல் முழுக்க இருந்தது. மழை விடவில்லை. ரெயின்கோட்டுக்குள் வேர்வை, வெளியே தண்ணீர், காலில் அட்டை. அந்த லயத்துக்குப் போனபோது மணி பதினொன்று. காலை பதினொரு மணிக்கு லயத்தில் யார் இருப்பார்கள்? நடக்கத் தெம்புள்ள எல்லோரும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். வெளியூர்க்காரன்தான் அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுவான். என்னை வரவேற்றது ஒரு ஆடுதான்.

பட்டியலில் இருந்த கதவு எண்ணில் பூட்டுத் தொங்கியது. பேரைப் பார்த்தேன். தோட்டத்தின் அந்த டிவிஷனில் அதே பேரில் நாலைந்து பேர் உண்டு. எனக்கு எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் பலகை உடைந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே பாத்திரம் இல்லை, பாய் இல்லை, கொடியில் துணி இல்லை. சுவரில் சாமி படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் நின்றது. அதைச் சுற்றிப் புகை படியாத வெள்ளைச் சதுரம். எங்கள் ஊரில் வீட்டைக் காலி செய்து போகிறவர்கள்தான் சாமி படத்தைக் கழற்றுவார்கள். நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஆகவே இது முடிந்துபோன வீடு என்று முடிவு கட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது. அந்த லயத்தில் மழை மாதத்தில் வெளியூர் போகிறவர்கள், பண்டம் பாத்திரத்தோடு சாமி படத்தையும் பக்கத்து அறையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஈரம் படத்தைத் தின்றுவிடும். அதோடு, விளக்கு வைக்க ஆளில்லாத அறையில் சாமியை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வராது. படத்தைக் கழற்றினால் திரும்பி வருவார்கள் என்று அர்த்தம். ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு, இது எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் இரண்டு வழி இருந்தது. 'தற்சமயம் இல்லை' என்று எழுதலாம். எழுதினால் இன்னொரு தடவை வந்து பார்க்க வேண்டும். 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டார்' என்றும் எழுதலாம், எழுதினால் முடிந்தது. இன்னொரு தடவை என்றால் இன்னொரு ஜீப், இன்னொரு ஏற்றம், இன்னும் நாலு அட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், சாமி படம் இல்லாதது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் சோம்பேறித்தனம். இரண்டாவதற்கு நேராக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில், பழக்க தோஷத்தில், மற்றவை என்று எழுதினேன்.

மகளுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்களாம். ஒரு மாதம் என்று போனவர் ஒன்றரை மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. அதற்குள் பட்டியல் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்பட்டு, ஆட்சேபம் சொல்லக் கொடுத்த நாளும் முடிந்து, கம்ப்யூட்டரில் பூட்டப்பட்டுவிட்டது. வந்த மறுநாளே ஆபீசுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும்தான் அந்த முகம், அந்தப் பேர், அந்தப் பூட்டு எல்லாம் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

செக்ரட்டரியின் அறைக்கு அழைத்துப் போனேன். செக்ரட்டரி கெட்டவர் இல்லை. கோப்பைத் திறந்து, நான் எழுதிய தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வீடு பூட்டியிருந்ததே, இவர் எங்கே போயிருந்தார் என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார். நான் அதை அந்த அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"எம்மவ பேறுகாலத்துக்குப் போனேன். இந்தா, இந்தச் சார்ட்ட கேட்டுட்டுத்தான் சார் போனேன். போயிட்டு வாங்கன்னு சொன்னாக."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மகளுக்குப் பிரசவம், அதற்காகப் போயிருந்தாராம் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாக்கியத்தை நான் மலையாளத்துக்குக் கொண்டுபோகவில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தம்தான், ஆனால் ஆட்சேப நாள் முடிந்துவிட்டதே, மேலே எழுதிப் பார்க்கலாம் என்று செக்ரட்டரி சொன்னார். நான் அதை மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் தமிழில் சொன்னேன்.

மேலே எழுதினேன். அன்று சாயங்காலமே எழுதினேன். லயத்துப் பக்கத்து அறைக்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கினேன், கங்காணியிடம் கையெழுத்து வாங்கினேன், தோட்டத்து மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், அந்த அம்மாவின் பேர் இருக்கிற தாளைப் பிரதி எடுத்து வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் கடிதத்தில் 'நேரடி ஆய்வில் தவறு நேர்ந்திருக்கக்கூடும்' என்றுதான் எழுதினேன். தவறு செய்தது யார் என்று எழுதவில்லை. நான் பார்க்காமல் எழுதினேன், நான்தான் போகவும் சொன்னேன் என்று எழுதியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும், மாற்றல் தள்ளிப் போயிருக்கும். அந்தப் பயம் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அப்போது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் நிரந்தரமாக இடம் மாறிவிட்டதாகக் களப்பணியாளரின் ஆய்வில் தெளிவாகப் பதிவாகியுள்ளது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. களப்பணியாளர் நான். கோரிக்கையை எழுதியவனும் நான். நான் எழுதியதை வைத்தே நான் எழுதியதைத் தள்ளிவிட்டார்கள். விடாமல் மேலாபீசுக்கு நேரில் போனேன். அங்கே ஒரு சின்ன வயசுப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த வரிக்குப் பக்கத்தில் திருத்துவதற்கான பொத்தான் வெளுத்துப் போயிருந்தது. அவர் எனக்காக அதை நாலு தடவை அழுத்தியும் காட்டினார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

மார்கழியில் அந்த அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் ஆனது. கம்பெனி சித்திரை வரை தவணை கொடுத்தது. நடுவில் ரெண்டு மூன்று முறை ஆபீஸ் பக்கம் வந்தார். "ஏதாச்சும் தெரிஞ்சதா சார்?" என்று மட்டும் கேட்பார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். ஒருநாள் அவர் வாசலில் வருவதைக் கண்டதும் நான் பின்பக்கமாகச் சாயாக் கடைக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு சாயா சொன்னேன்.

வைகாசியில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொந்த ஜில்லா, வீட்டிலிருந்து பைக்கில் போய் வரும் தூரம். ஆபீசில் கேக் வெட்டினார்கள். அந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு மாதமாகியிருந்தது என்று அன்றைக்குத்தான் யாரோ சொன்னார்கள். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் மலையில் இருந்ததைப்போல் இருமடங்கு. வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு மாற்றம், பிள்ளைக்கு அங்கன்வாடி என்று வந்துகொண்டே இருந்தார்கள். பேச்சைக் கேட்டாலே மலையிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடும். ஐப்பசியில் மறுபடியும் வீடில்லாதவர்கள் பட்டியலுக்கு மனு வாங்கச் சொன்னார்கள். இந்தப் பட்டியலில் ஒரு நிபந்தனை. மனுதாரர் இந்தப் பஞ்சாயத்தில் தொடர்ந்து மூன்று வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஒருவர் போய்விட்டார் என்று எழுத ஒரு பூட்டுப் போதும். வந்துவிட்டார் என்று எழுத மூன்று வருடம் வேண்டும். இடையில் அவர் எந்த ஜில்லாக்காரர் என்று திரையில் கலர் காட்டுகிறவர்களுக்கும் தெரியாது.

வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் பேத்தி. அதே ஜவுளிக்கடைப் பை இல்லை, வேறு பை. இந்தத் தடவை எழுந்து போக எனக்குப் பின்வாசல் இல்லை. என் மேஜைக்கு வந்ததும் முகம் மலர்ந்து, "சார், நல்லாருக்கீகளா? ஒங்க ஊருக்கே வந்துட்டீக" என்றார்.

உட்காரச் சொன்னேன். குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தது. பேனாவைக் கொடுத்துவிட்டேன். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"ஏனுங்கம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு லயத்துக்கு வந்து, ஆளில்லைன்னு எழுதுனது..."

"நீங்கதான். தெரியும் சார்."

நான் மேஜைமேல் இருந்த மனுக்கட்டை இழுத்து நேராக அடுக்கினேன்.

"செக்கட்டரி அந்தத் தாளைப் பெரட்டையிலயே ஒங்க கையெழுத்தப் பாத்தேன். எம் மனுவ எழுதிக் குடுத்த அதே கையெழுத்து. அது கெடக்கட்டும். நான் சொன்னத நீங்க பாதிதான் சொன்னீக, அதுவும் தெரியும். பெறந்ததுல இருந்து அங்கன கெடந்தவளுக்கு மலையாளம் தெரியாதா சார்?"

"அப்பவே அவருகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"சொன்னா ஒங்க வேலைக்கு எதாச்சும் ஆயிருக்கும். எனக்கும் கிடைக்காது, ஒங்களுக்கும் இருக்காது. என்னத்துக்கு?" என்று சொல்லி, குழந்தையின் வாயிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்து என் மேஜைமேல் வைத்தார். "ஆனா ஒண்ணு சார். அங்கன இருந்து நான் போயிட்டேன்னு எழுதுனது நீங்க. எங்கன போனேன்னு இப்பம் ஒங்க கண்ணாலயே பாத்துட்டீக. அப்பம் இங்கன வந்துட்டேன்னும் நீங்கதான எழுதணும்? அதுக்குத்தான் மத்த மேசைக்குப் போகாம ஒங்ககிட்ட வந்தேன்."

மனுவை எடுத்தேன். பேர், வயது, தொழில் எல்லாம் எழுதினேன். குடியிருந்த காலம் என்ற இடம் வந்தது. மூன்று வருடம் என்று எழுதிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதினால் ரேஷன் கார்டைப் பார்த்ததும் தள்ளிவிடுவார்கள். பொய் மனு என்று வேறு முத்திரை குத்தி, இனி எந்தப் பட்டியலுக்கும் வர முடியாமல் செய்துவிடுவார்கள். மலையில் நான் எழுதிய பொய் நின்றுவிட்டது. இங்கே நான் எழுதும் பொய் நிற்காது. ஏழு மாதம் என்று எழுதினேன். நிபந்தனையையும் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது கை கூப்பிவிட்டேன்.

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். குழந்தை தூங்க ஆரம்பித்திருந்தது. அதை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பம் இன்னும் ரெண்டு வருசமும் சொச்சமும். சரி, இருந்துட்டு வாறேன். மூணு வருசம் தெகஞ்சதும் மொத ஆளா வந்து நிப்பேன். ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அப்பம் நீங்க இங்கன இருப்பீகள்ல சார்?"

எங்களை மூன்று வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் விடமாட்டார்கள். அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது, எனக்கு ஆறு. அவருடைய மூன்று வருடம் முடிகிற நேரத்தில் என் மூன்று வருடமும் முடிந்துகொண்டிருக்கும். கையில் அடுத்த உத்தரவு இருக்கும்.

"இருப்பேனுங்கம்மா" என்றேன்.